கம்பியைச் செருகினால் பிறக்கும் ஒலி: ஏ.ஆர்.பி 2600 கருவியின் கதை

1977ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் ஆர்2-டி2 என்ற குட்டி இயந்திரத்தை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முகமும் இல்லை, வாயும் இல்லை. படம் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசாது. ஆனாலும் அது எப்போது கோபப்படுகிறது, எப்போது பயப்படுகிறது, எப்போது அடம் பிடிக்கிறது என்பதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் கீச்சொலியிலும் விசில் ஒலியிலுமே அது உணர்த்திவிடுகிறது.

அந்தக் குரலை உருவாக்கியவர் பென் பர்ட் என்ற ஒலி வடிவமைப்பாளர். மழலை பேசும் குழந்தையைப்போல் அவர் தம் வாயாலேயே சில ஒலிகளை எழுப்பினார். அவற்றோடு ஏ.ஆர்.பி 2600 என்ற மின்னிசைக் கருவியில் பிறந்த ஒலிகளைக் கலந்தார். மனிதக் குரல் மட்டும் இருந்திருந்தால் அது இயந்திரமாகத் தோன்றியிருக்காது. கருவியின் ஒலி மட்டும் இருந்திருந்தால் அதற்கு உயிர் இருந்திருக்காது. வேற்றுக்கிரகவாசிகள், விலங்குகள், இயந்திர மனிதர்கள் ஆகியோரின் குரல்களைப் படைத்ததற்காக 1978இல் பர்டுக்கு ஆஸ்கார் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

விருது பெற்றவரை உலகம் அறியும். அந்தக் கருவியைப் படைத்தவரை எத்தனை பேர் அறிவார்கள்? படம் வெளிவந்த அதே ஆண்டில் அவருடைய நிறுவனம் தன் வீழ்ச்சிக்கு வழிவகுத்த முடிவு ஒன்றை எடுத்திருந்தது. இசைக்கருவி உலகில் அதிகம் பேசப்படாத அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

மின்னழுத்தத்துக்கு அடங்கிய சுருதி

சிந்தசைசர் என்றதும் திருமண மண்டபங்களில் வாசிக்கப்படும் கீபோர்டுதான் நம் நினைவுக்கு வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் வயலின். ஆனால் தொடக்கக் கால சிந்தசைசர்களில் அப்படி எதுவும் கிடையாது. அவற்றில் எந்த ஒலியும் பதிவு செய்து வைக்கப்படவில்லை. வாசிப்பவரே ஒலியை முதலிலிருந்து உண்டாக்க வேண்டும்.

அதற்கு மூன்று முக்கியப் பகுதிகள் தேவை. முதலாவது ஆசிலேட்டர் எனும் அலையியற்றி. ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று மின்சாரத்தை ஏற்றி இறக்கி, ஒலிக்கு மூலப்பொருளைத் தருவது இது. இரண்டாவது வடிகட்டி. கரடுமுரடான அந்த ஒலியிலிருந்து வேண்டாத அதிர்வுகளை நீக்கி, அதைக் கனமாகவோ மென்மையாகவோ மாற்றும். மூன்றாவது ஒலிப்பெருக்கி. ஒலி சட்டெனத் தொடங்க வேண்டுமா, மெல்ல எழ வேண்டுமா, எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது இங்கே முடிவாகும். மிருதங்கத்தின் அடியும் வீணையின் மீட்டலும் ஒரே சுருதியில் இருந்தாலும் நம் காது அவற்றைப் பிரித்தறிகிறது. ஒலி எழும் விதமும் அடங்கும் விதமும் வேறுபடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த மூன்றையும் கையால் திருகி இயக்காமல் மின்னழுத்தத்தால் இயக்கலாம் என்ற எண்ணம் 1960களின் நடுப்பகுதியில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியது. நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மோக் 1964இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து இதைச் செய்து காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லாவும் தமக்கே உரிய வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தார். மோக் பின்பற்றிய கணக்கு எளிமையானது. மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையும் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தை அனுப்பும். அலையியற்றி அதற்குக் கீழ்ப்படியும்.

மோக் செய்த பெரிய கருவிகள் அலமாரி அளவுக்கு இருந்தன. ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் பெட்டி. ஒன்றை மற்றொன்றோடு கம்பியால் இணைத்தால்தான் ஒலி வரும். பழைய தொலைபேசி நிலையங்களில் ஊழியர்கள் கம்பிகளைத் துளைகளில் மாற்றி மாற்றிச் செருகி இணைப்புக் கொடுத்தது போன்ற காட்சிதான். இப்படித் தனிக் கூறுகளாக அமைந்தவற்றை மாடுலர் வகை என்பார்கள். 1968இல் வெண்டி கார்லோஸ் இத்தகைய மோக் கருவியில் ஜெர்மானிய மேதை பாக்கின் இசையை வாசித்து ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். மின்னிசை என்றால் ஆய்வுக்கூட விளையாட்டு என்று எண்ணியிருந்த பலரை அந்த இசைத்தட்டு மாற்றியது. மாறியவர்களில் ஒருவர்தான் இந்த வரலாற்றின் நாயகர்.

விண்வெளியிலிருந்து இசைக்கு

ஆலன் ராபர்ட் பேர்ல்மன் 1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை திரையரங்குகளுக்கான படவீழ்த்திகளை வடிவமைத்தவர். தாத்தா கிராமபோன் உதிரிப்பாகங்கள் செய்தவர். ஒலியும் ஒளியும் அந்தக் குடும்பத்தின் தொழிலாகவே இருந்தன எனலாம். பேர்ல்மன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் பாலிடெக்னிக் கல்லூரியில் பொறியியல் படித்து 1948இல் பட்டம் பெற்றார். பின்னர் மின்னணு பெருக்கிகளை வடிவமைப்பதில் தேர்ந்தவரானார். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஜெமினி, அப்போலோ திட்டங்களுக்கான பெருக்கிகளில் அவரது உழைப்பு உண்டு. நண்பருடன் சேர்ந்து நெக்ஸஸ் என்ற சொந்த நிறுவனத்தையும் நடத்தி, அது பின்னர் விற்கப்பட்டபோது கையில் ஓரளவு பணமும் சேர்ந்தது.

நாற்பது வயதைக் கடந்த, தொழிலில் வெற்றி கண்ட ஒரு பொறியாளர் அத்துடன் நிம்மதியாக இருந்திருக்கலாம். ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ அவரை அப்படி இருக்க விடவில்லை. மோக் கருவியை அவர் ஆராய்ந்தபோது அவருடைய காதை உறுத்திய குறை ஒன்று இருந்தது. வாசிக்க வாசிக்கச் சுருதி விலகியது.

காரணம் வெப்பம். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்றால், அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒரு வோல்ட்டில் 12இல் ஒரு பங்கு மட்டுமே. அதாவது சுமார் 83 மில்லி வோல்ட். இதில் 10 மில்லி வோல்ட் தவறினாலும் பழகிய காது கண்டுபிடித்துவிடும். மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் வேலையைச் செய்வது டிரான்சிஸ்டர். அதுவோ சூட்டுக்கும் குளிருக்கும் உடனே மாறும் இயல்புடையது. மேடை விளக்கு எரிந்தால் சுருதி ஏறும், குளிர்சாதனம் ஓடினால் இறங்கும் என்றால் கலைஞர் என்ன செய்வார்? தம்புரா சுருதி மாறிவிட்டால் பாடகர் நிறுத்திச் சரிசெய்து கொள்ளலாம். ஒரே பாட்டுக்குள் மூன்று அலையியற்றிகளும் மூன்று திசையில் போனால் சரிசெய்ய நேரம் ஏது?

பேர்ல்மனுக்கு இது புதிய சிக்கலே இல்லை. விண்கலக் கருவிகளில் துல்லியத்தைக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஒரே உறைக்குள் அருகருகே அமைந்த, இயல்பு ஒத்த இரட்டை டிரான்சிஸ்டர்களை அவர் பயன்படுத்தினார். சூடு ஏறினால் இரண்டுக்கும் ஒன்றாக ஏறும். ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுகட்டிவிடும். சொல்லும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்தத் தீர்வுதான் அவருடைய கருவிகளுக்கு ‘சுருதி நிற்கும் சிந்தசைசர்’ என்ற நற்பெயரைப் பெற்றுத் தந்தது.

1969இல் தம் சொந்தச் சேமிப்பை முதலீடாகப் போட்டு மாசசூசெட்ஸின் நியூட்டன் பகுதியில் அவர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே ஏ.ஆர்.பி, சிறுவயதில் அவரை நண்பர்கள் அழைத்த செல்லப்பெயரும் ‘ஆர்ப்’ என்பதுதான். டேவிட் ஃப்ரெண்ட் என்ற இளைஞர் இணை நிறுவனராகச் சேர்ந்தார். முதல் தயாரிப்பு 1970இல் வந்த ஏ.ஆர்.பி 2500. இதில் கம்பிகளுக்குப் பதிலாக நகர்த்தும் பொத்தான்களின் வரிசைகள் இருந்தன. பெரிய கருவி, பல்கலைக்கழகங்களுக்கு ஏற்றது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் த தேர்டு கைண்டு’ படத்தில் வேற்றுக்கிரகக் கலத்தோடு ஐந்து சுரங்களால் உரையாடும் காட்சியில் தெரிவது இதுதான். கருவியைப் பொருத்தப் படப்பிடிப்புக்குச் சென்ற ஏ.ஆர்.பி பொறியாளர் ஃபில் டாட்ஸையே இயக்குநர் அதை வாசிப்பவராக நடிக்க வைத்துவிட்டார் என்பது சுவையான செய்தி.

பாதிக் கட்டு, பாதி விடுதலை

அக்காலத்தில் கலைஞர்களுக்கு இரண்டு வழிகள்தாம் இருந்தன. ஒன்று, அலமாரி அளவு மாடுலர் கருவி. எதை வேண்டுமானாலும் எதோடும் இணைக்கலாம். ஆனால் ஒரு கம்பிகூடச் செருகாவிட்டால் மௌனமாக நிற்கும். மற்றொன்று, 1970இல் மோக் வெளியிட்ட மினிமோக். கையில் தூக்கிச் செல்லலாம், உடனே வாசிக்கலாம். ஆனால் உள்ளே உள்ள இணைப்புகளை மாற்ற முடியாது.

1971இல் வந்த ஏ.ஆர்.பி 2600 இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை போட்டது. இதைத்தான் செமி மாடுலர் என்கிறார்கள். மூன்று அலையியற்றிகளும் பிற ஒலி மூலங்களும் வடிகட்டிக்கு, வடிகட்டி பெருக்கிக்கு என்று உள்ளே முன்கூட்டியே கம்பி இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரத்தைப் போட்டு, முகப்பில் உள்ள நகர் குமிழ்கள் சிலவற்றை உயர்த்தினால் போதும், ஒலி வந்துவிடும். ஆனால் ஒவ்வோர் இணைப்பின் மீதும் முகப்பில் ஒரு துளை உண்டு. அந்தத் துளையில் கம்பியைச் செருகிய மறுகணமே உள்ளிணைப்பு துண்டிக்கப்பட்டு, வாசிப்பவர் கொடுக்கும் புதிய இணைப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பியை உருவினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொடக்கநிலை மாணவர் தடுமாறவும் தேவையில்லை; தேர்ந்தவருக்குக் கைகட்டும் இல்லை.

முகப்பின் வடிவமைப்பைத் தனியே பாராட்ட வேண்டும். ஒலி எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதைக் கோடுகளாலும் குறிகளாலும் முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். கருவியே கரும்பலகையாகவும் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் மனத்தில் வைத்துத்தான் பேர்ல்மன் இதைச் செய்தார். இரண்டு ஒலிபெருக்கிகளும், எதிரொலி உண்டாக்கும் சுருள்கம்பி அமைப்பும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. வகுப்பறையில் வேறெந்தச் சாதனமும் வேண்டாம். கருவியின் கையேட்டை எழுதிய ஜேம்ஸ் மிக்மெர்ஹைசன் பாஸ்டனில் மின்னிசை கற்பித்து வந்தவர். ஒலியியலையே முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கும் பாடநூலாக அந்தக் கையேடு அமைந்தது. இன்றைய மின்சாதனங்களோடு வரும் துண்டுத்தாள்களை நினைத்தால் பெருமூச்சுதான் வரும்.

இதைக் கொண்டு என்னதான் செய்ய முடியும்? ஓர் எடுத்துக்காட்டு. கருவியில் ‘நாய்ஸ்’ என்ற இரைச்சல் மூலம் ஒன்று உண்டு. வானொலியில் நிலையம் கிடைக்காதபோது கேட்கும் ‘உஷ்’ போன்ற ஒலி. அதை வடிகட்டிக்கு அனுப்ப வேண்டும். ஓர் அலையியற்றியை மிக மெதுவான நிலைக்கு மாற்ற வேண்டும். 2600இல் அதை நொடிக்கு 0.03 சுற்று வரை, அதாவது ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்கும் மேல் ஆகுமளவுக்கு மெதுவாக்கலாம். அந்த வேகத்தில் அதை நம்மால் ஒலியாகக் கேட்க முடியாது. ஆனால் ஒரு கம்பியால் அதை வடிகட்டியோடு இணைத்தால் வடிகட்டி மெல்லத் திறந்து மெல்ல மூடும். இரைச்சல் கடல் அலையாகிவிடும். எழும், கரையில் விழும், பின்வாங்கும். இன்னொரு கம்பியைச் செருகி அலையின் வேகத்தைத் தாறுமாறாக்கினால் அது புயல். ஒலிவாங்கியில் பேசும் குரலின் ஏற்ற இறக்கத்தை மின்னழுத்தமாக மாற்றும் பகுதியும் இதில் இருந்தது. பேச்சே ஒரு கையாக மாறிக் குமிழைத் திருகுவது போல.

கலைஞர்கள் கையில்

பள்ளிக்கூடத்துக்காகச் செய்த கருவி மேடைக்கு ஓடிவிட்டது. கீபோர்டு தனிப் பெட்டியாக, நீண்ட கம்பியால் முதன்மைக் கருவியோடு இணைந்திருந்தது. எட்கர் வின்டர் அதற்கு வார் கட்டிக் கிட்டார்போல் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் உலவினார். அவருடைய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற பாடல் வரிகளே இல்லாத இசை. அது 1973 மே மாதம் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பார்வையற்ற மேதை ஸ்டீவி வொண்டரின் 2600 கருவியில் குமிழ்களின் பெயர்கள் பிரெய்ல் எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தன. ஒலி போகும் வழியைக் கண்ணால் காட்டுவதற்காக வரையப்பட்ட முகப்பை அவர் விரல்களால் படித்தார். பிரான்ஸில் ழான் மிஷெல் ழார் 1976இல் வெளியிட்ட ‘ஆக்ஸிஜீன்’ தொகுப்பிலும் இக்கருவி உண்டு.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் ஜோ ஜாவினுல் செய்ததுதான் பெரிய துணிச்சல். கீபோர்டிலிருந்து வரும் மின்னழுத்தத்தைத் தலைகீழாக்கும் பகுதி 2600இல் உண்டு. அதைப் பயன்படுத்தி இடப்பக்கம் மேல் ஸ்தாயியும் வலப்பக்கம் கீழ் ஸ்தாயியுமாக மாற்றிவிட்டு வாசித்தார். பல்லாண்டு சாதகத்தால் ஊறிப்போன விரல்கள் தம் வழக்கமான பாதையில் ஓட முடியாது. காது கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வோர் அடியும் வைக்க வேண்டும். 1976இல் வெளிவந்த ‘பிளாக் மார்க்கெட்’ அந்தச் சோதனையின் விளைவு.

விற்பனையும் ஏறியது. 1972இல் மேடைக்கென்றே செய்த ஒடிசி, 1975இல் தந்தி வாத்தியக் குழுவின் ஒலியைத் தந்த ஆம்னி என்று அடுத்தடுத்து வந்தன. 1970களின் நடுப்பகுதியில் ஏ.ஆர்.பி நிறுவனம் மோக் நிறுவனத்தையே விற்பனையில் முந்தியது.

இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே ஓர் உரசலும் உண்டு. 2600இன் தொடக்கக் கால வடிகட்டி, மோக் 1969இல் காப்புரிமை பெற்றிருந்த ஏணி வடிவ வடிகட்டியைப் பெரிதும் ஒத்திருந்தது. மோக் தரப்பு இதைச் சுட்டிக்காட்ட, ஏ.ஆர்.பி வேறொரு வடிகட்டியை உருவாக்க வேண்டியதாயிற்று. அதில் ஒரு கணக்குப் பிழை நேர்ந்து, மனிதக் காது கேட்கும் எல்லைக்கு மிகவும் முன்பாகவே, நொடிக்குச் சுமார் 12,000 அதிர்வுகளோடு அந்த வடிகட்டியின் திறப்பு நின்றுவிட்டது. ஒலி சற்று மங்கலாக இருந்தது. அந்த மங்கலையே விரும்புவோரும் இருக்கிறார்கள். ரசனைக்குக் கணக்கு ஏது?

இன்னொரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். முகப்பில் எல்லாவற்றையும் திறந்து காட்டிய இதே கருவியின் உள்ளே, முக்கியச் சுற்றுகள் கெட்டியான பிசினுக்குள் புதைக்கப்பட்டிருந்தன. பிறர் நகலெடுக்கக் கூடாது என்பதே நோக்கம். பின்னாளில் பழுதுபார்க்க வந்தவர்கள் அந்தப் பிசினோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. வடிகட்டி விவகாரத்தை அறிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை உணர்வு சற்றுச் சிரிப்பைத் தரலாம்.

கிட்டாரால் வந்த வினை

கீபோர்டு வாசிப்போரைவிடக் கிட்டார் வாசிப்போர் பல மடங்கு அதிகம். அவர்களிடம் சிந்தசைசரைக் கொண்டு சேர்த்துவிட்டால்? எந்த வணிகருக்கும் நாவூறும் கணக்கு இது. 1977இல் ஏ.ஆர்.பி ‘அவதார்’ என்ற கிட்டார் சிந்தசைசரை வெளியிட்டது. நம் சொல்லையே பெயராகக் கொண்ட அந்தக் கருவிதான் நிறுவனத்துக்கு வினையாக முடிந்தது.

சிக்கல் இயற்பியலிலேயே இருந்தது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய மின்னழுத்தம் அந்தக் கணமே புறப்படும். கிட்டாரில் அப்படியில்லை. தந்தி அதிர வேண்டும், கருவி அந்த அதிர்வைக் கேட்டு, இது இன்ன சுரம் என்று கணித்து, பிறகு மின்னழுத்தமாக்க வேண்டும். தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஒரே ஓர் அதிர்வை அளக்கவே 12 மில்லி நொடி ஆகிவிடும். உறுதி செய்ய அதற்கும் மேல். விரல் தந்தியில் பட்டதும் ஒலியை எதிர்பார்க்கும் கிட்டார் கலைஞருக்கு இந்தத் தாமதமே உறுத்தல். தந்தியைத் தீட்டும்போது எழும் உரசல் ஒலிகள் கருவியைக் குழப்பின. அவர்களுடைய வாசிப்பு முறையையே மாற்றச் சொன்னது அவதார். அவர்கள் மாறவில்லை.

ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணத்தை விற்பனை ஈடுகட்டவில்லை. உயர்மட்ட நிர்வாகத்தில் கருத்து வேறுபாடுகளும் முற்றின. இதற்கிடையே சந்தையும் மாறியது. 1978இல் கலிஃபோர்னியாவின் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனம் புரொஃபெட் 5 கருவியைக் கொண்டு வந்தது. அது ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களை ஒலித்ததோடு, அமைத்த ஒலிகளை நினைவிலும் வைத்துக்கொண்டது. 2600இல் ஓர் ஒலியை அமைத்துவிட்டால், அதை மறுபடியும் பெற முகப்பின் படம் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு குமிழின் நிலையையும் ஒவ்வொரு கம்பியின் வழியையும் பேனாவால் குறித்து வைக்க வேண்டும். இரண்டு பாடல்களுக்கு இடையே முப்பது நொடி கிடைக்கும் கலைஞர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

1981இல் ஏ.ஆர்.பி நொடித்துப்போனது. பன்னிரண்டு ஆண்டுகளே அதன் ஆயுள். நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ‘குரோமா’ என்ற மேம்பட்ட கருவியின் உரிமையை சி.பி.எஸ் வாங்கி, 1982இல் ரோட்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அதில் ஏ.ஆர்.பி என்ற மூன்று எழுத்துகள் இல்லை. பேர்ல்மன் கணினி வரைகலை மென்பொருள் துறைக்குப் போனார். டேவிட் ஃப்ரெண்ட் பின்னாளில் கணினித் தரவுகளைப் பாதுகாத்து வைக்கும் கார்போனைட் நிறுவனத்தை இணைந்து நிறுவினார். நினைவாற்றல் இல்லாத கருவியை விற்றவர் நினைவகத்தை விற்கத் தொடங்கினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1983இல் யமஹாவின் டி.எக்ஸ் 7 என்ற டிஜிட்டல் கருவி 2,000 அமெரிக்க டாலருக்கும் குறைவான விலையில் வந்தபோது, குமிழும் கம்பியும் கொண்ட அனலாக் கருவிகள் பழைய பொருளாகிவிட்டன. பலரும் அவற்றைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டனர்.

மீண்டும் கம்பிகள்

ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1978இலேயே எம்.எஸ் 20 என்ற சிறிய செமி மாடுலர் கீபோர்டை வெளியிட்டிருந்தது. 37 கட்டைகள், இரண்டு அலையியற்றிகள், வலப்பக்கம் கம்பி செருகும் துளைகள். பேர்ல்மனின் எண்ணத்தை மலிவு விலையில் இளைஞர்களிடம் சேர்த்த கருவிகளில் இதற்குத் தனி இடமுண்டு. ஆனால் இது மின்னழுத்தத்தை வேறொரு கணக்கில் பயன்படுத்தியதால், மோக், ஏ.ஆர்.பி கருவிகளோடு சுருதி சேராது. தெரியாமல் இணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம்.

1990களில் மின்னிசை நடனக் கலைஞர்கள் கைவிடப்பட்ட அனலாக் கருவிகளைத் தேடத் தொடங்கினர். திரையில் பட்டியலைப் புரட்டி ஒலியைத் தேடுவதில் அவர்களுக்குச் சலிப்பு வந்திருந்தது. ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் சிறிய மாடுலர் பெட்டிகளை வெளியிட்டது. உலகெங்கும் பரவிய அந்த வகையில் பயன்படும் 3.5 மில்லிமீட்டர் செருகி, 2600இல் பயன்பட்ட அதே அளவுதான். மோக் நிறுவனமும் 2018இல் 32 கட்டைகள் கொண்ட ‘கிராண்ட்மதர்’, 2019இல் 49 கட்டைகள் கொண்ட ‘மேட்ரியார்க்’ என்று இரண்டு செமி மாடுலர் கீபோர்டுகளைக் கொண்டு வந்தது. கம்பியே இல்லாமல் வாசிக்கலாம், கம்பி செருகினால் உள்ளிணைப்பு விலகும் என்ற அதே ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு முன் போட்டியாளர் எடுத்த பாதைக்கே மோக் பெயர் தாங்கிய கருவிகளும் வந்து சேர்ந்தன.

கோர்க் நிறுவனம் 2015இல் டேவிட் ஃப்ரெண்டின் ஆலோசனையோடு ஒடிசியை மறுபடியும் தயாரித்தது. அடுத்து 2600 வருமா என்று ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். பேர்ல்மன் 2019ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி நியூட்டனில் தமது 93ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்து ஓராண்டு கழித்து, 2020 ஜனவரியில், கோர்க் முழு அளவிலான ஏ.ஆர்.பி 2600ஐ அறிவித்தது. அதே கறுப்புப் பெட்டி, உள்ளே அதே இரண்டு ஒலிபெருக்கிகள், அதே சுருள்கம்பி எதிரொலி. வடிகட்டியில் மட்டும் ஒரு சிறு விசை புதிதாகச் சேர்ந்திருந்தது. மோக் தரப்பு ஆட்சேபித்த முதல் வகையும், அதற்குப் பதிலாக வந்த இரண்டாம் வகையும் இரண்டுமே உள்ளே இருந்தன. எது வேண்டுமோ அதற்கு விசையைத் தள்ளிக்கொள்ளலாம். மோக்கின் காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒலியை நினைவில் வைக்கும் வசதியை மட்டும் கோர்க் இப்போதும் சேர்க்கவில்லை. அன்று தாளும் பேனாவும் செய்த வேலையை இன்று கைப்பேசிக் கேமரா செய்கிறது.